சோடா எது, தண்ணீர் எது

இரண்டு கிண்ணத்தையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கவிழ்த்து, குழாயைத் திறந்து அலசியும் முடித்த பிறகுதான் உலகம்மாள் மூடிகளைப் பார்த்தாள். மூடிகளில் எழுத்தைக் காணோம். நேற்று காலை வரைக்கும் ஏ, பி, சி, டி, ஈ என்று கருப்பு மார்க்கரில் அவள் கைப்பட எழுதியிருந்த ஐந்து மூடியும் கல்யாண வீட்டில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளவென்று கிடந்தன. முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும், இருபத்து மூன்று நாளாக ஒரே வேலை, காலை ஏழரைக்கு விடுதியிலிருந்து வந்து பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடி ஏறுவது, உடம்புச் சூட்டிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கும் அந்தப் பெட்டியைத் திறப்பது, பழைய டீயைக் கொட்டிப் புது டீ, பழைய காபியைக் கொட்டிப் புதுக் காபி, அப்புறம் கோலா, அப்புறம் சோடா, கடைசியில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கிண்ணத்திலும் பன்னிரண்டு வில்லை, சட்டைப் பொத்தான் அளவு, பல் குழியை அடைக்கிற அதே வெள்ளைப் பசையை வார்த்து நீல வெளிச்சம் காட்டி இறுக்கினது. வில்லை ஓடிப்போகாமல் பிடிக்க இரண்டு டீ வடிகட்டி. கை பாட்டுக்குச் செய்யும், மனசு பாட்டுக்குக் கோயம்புத்தூரில் இருக்கும். இன்றைக்கும் அங்கேதான் இருந்தது, படி ஏறும்போதே தன்யா போனில் கூப்பிட்டு, அம்மா, எங்க ஸ்கூலுக்கு இன்னைக்கும் லீவு, அப்பாவுக்கும் லீவு, உன் டீக்கு மட்டும் லீவே கிடையாதா என்று கேட்டாள், டீக்கு இல்லம்மா, பல்லுக்குத்தான் லீவு கிடையாது என்று இவள் சொல்ல, அது யாரு பல்லு என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள். யார் பல் என்று யோசித்துக்கொண்டேதான் கவிழ்த்தாள். ஒருவர் பல்லும் இல்லை, எந்த வாய்க்குள்ளும் போகாத அறுபது வில்லை. டீயில் கிடந்தது செம்பட்டை பாய்ந்திருந்தது, காபியில் கிடந்தது பழுப்பு, கோலாவில் கிடந்தது ஓரத்தில் மங்கல், அதெல்லாம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சோடாவில் கிடந்த பன்னிரண்டும் தண்ணீரில் கிடந்த பன்னிரண்டும் வெள்ளை. இடது வடிகட்டியில் பன்னிரண்டு வெள்ளை, வலது வடிகட்டியில் பன்னிரண்டு வெள்ளை, நடுவில் அவள் நின்றாள்.

நேற்று ஆயுத பூஜை. இவள் காலையிலேயே மாற்றிவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். பூஜை பதினொரு மணிக்கு. பல் பிடுங்குகிற நாற்காலியிலிருந்து ஊசி வேக வைக்கிற அண்டா வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, படம் எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தார்கள், இவளும் கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டாள். படத்தில் அந்தச் சூட்டுப் பெட்டியின் கதவிலும் ஒரு பெரிய பொட்டு இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. கதவோடு நின்றிருந்தால் என்ன. வராந்தாவில் வாளிச் சத்தம் கேட்டது, செண்பகம் அக்கா, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்து இந்தத் துறையைப் பெருக்கித் துடைக்கிறவள், ஏழு வருஷமாக வருகிறாள், இன்றைக்கும் லீவு இல்லை. அக்கா, இந்த மூடியை எல்லாம் யாரு தொடச்சது என்று உலகம்மாள் கேட்டபோது குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "நாந்தான் டாக்டரம்மா" என்றாள் செண்பகம், பெருமையாக. "நேத்து சந்தனம் வச்சேம்லா, நீங்க வந்து ஏசுவீங்களோன்னு காலைலயே ஸ்பிரிட்டுப் பஞ்சை வச்சு நல்லா தொடச்சிட்டேன்." உள்ள இருக்க கிண்ணத்துக்கு எதுக்குக்கா சந்தனம். "வெளிய இருக்க மிஷினுக்கெல்லாம் வச்சிட்டு உள்ள இருக்கதுக்கு வைக்காம விடலாமா? தெனமும் பச்சப்பிள்ளைக்குப் பால் மாத்துத மாதிரி மாத்துதீங்க. உங்க படிப்பு நல்லபடியா முடியணும்னு சொல்லித்தான் வச்சேன்." தண்ணீர் தொட்டுத் துடைத்திருந்தால் மார்க்கர் போயிருக்காது. இந்தத் துறையில் யாரும் எதையும் தண்ணீர் தொட்டுத் துடைப்பதில்லை, மேசை, கைப்பிடி, செல்போன், சாப்பாட்டு டப்பா மூடி, எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட்டுப் பஞ்சுதான், அதை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவளைப் போன்ற டாக்டர்கள்தான். எடுத்த வரிசையிலயே திரும்ப வச்சீங்களாக்கா என்று கேட்டாள். செண்பகம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையா என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

கிண்ணத்திலும் எழுதும்மா, மூடியில மட்டும் எழுதாத, என்று முதல் நாளே சார் சொன்னார். சார் என்றால் டாக்டர் தேவசகாயம், இவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. சரி சார் என்று சொன்னாள், கிண்ணத்தில் எழுதினால் தினம் தேய்த்துக் கழுவுகிற கழுவலில் அழிந்துவிடுகிறது என்று இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். ஆகவே அக்காவைச் சொல்லிக் குற்றம் இல்லை, தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். இரு, பதறாதே, யோசி, என்று தன்னைத் தானே அதட்டினாள். எப்போதும் சோடா இடது கை. இல்லை, இன்றைக்குத்தான் பார்க்கவில்லை, மற்ற நாளெல்லாம் எழுத்தைப் பார்த்து எடுப்பதால் எந்தக் கையில் எது என்று கைக்குத் தெரியாது. கவிழ்க்கும்போது வாசனை வந்ததா, சோடாவுக்கு என்ன வாசனை, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் கிடந்த சோடாவில் காற்றே இருக்காது, அதுவும் தண்ணீராட்டம்தான் கிடக்கும். லிட்மஸ் காகிதத்தை எடுத்துக் கிண்ணத்தின் அடியில் வைத்தாள், நன்றாகக் கழுவிய கிண்ணம், காகிதம் நிறம் மாறாமல் நனைந்து கிடந்தது. எந்த வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டாலும் கழுவுகிற வேலையை மட்டும் இவள் ஒழுங்காகச் செய்வாள். இடது வடிகட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து நகத்தால் சுரண்டினாள், சொரசொரப்பாக இருந்தது, அப்பாடா என்றிருந்தது. வலதிலிருந்து ஒன்றை எடுத்துச் சுரண்டினாள், அதுவும் சொரசொரப்பாக இருந்தது. திரும்ப இடது, இப்போது வழவழப்பாகத் தெரிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, வைத்தும் பார்த்தாள், குழாய்த் தண்ணீர் ருசி. முப்பத்து மூன்று வயசில், ஒரு பிள்ளையைப் பெற்று, அதைக் கோயம்புத்தூரில் புருஷனிடமும் நாத்தனாரிடமும் விட்டுவிட்டு, லீவு நாள் காலையில் வெறும் வயிற்றோடு ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் நின்று வில்லையை நக்கிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பு இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் இரண்டும் கடுகடுவென்று வலித்தது, ராத்திரித் தூக்கம் போதாமல் கண்ணுக்குள் மணல் உறுத்தியது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஆய்வேடு கொடுக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து ஊற வைக்க அதற்குள் நாள் போதாது. கொடுத்தால் டிசம்பரில் பரீட்சை, ஜனவரியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு. கொடுக்காவிட்டால் அடுத்த பரீட்சை ஜூனில், இடையில் ஒரு நாள்கூட முன்னே பின்னே கிடையாது, கல்லூரியில் கெஞ்சினாலும் பல்கலைக்கழகத்தில் கெஞ்ச முடியாது. தண்ணீர்க் கிண்ணம் போனால் எல்லாம் போனது. டீ இவ்வளவு கெடுத்தது, காபி இவ்வளவு கெடுத்தது என்று சொல்ல, ஒன்றிலும் கெடாமல் கிடந்தது ஒன்று வேண்டும். அது எது என்று தெரியாவிட்டால் மற்ற நாற்பத்தெட்டும் வெறும் பொத்தான்தான்.

இந்தத் தலைப்பே அவள் ஆசைப்பட்டு எடுத்தது இல்லை. நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அன்றாடம் குடிப்பவை பல் அடைப்பின் ஆயுளை எப்படிக் குறைக்கின்றன என்று சார் இதை எழுதிக் கொடுத்தார், சரி என்று வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்ட அன்றைக்கு ராத்திரிதான் பரமசிவம் ஞாபகம் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்சல் ஆபீசில் பில் போடுகிறவர், இவள் படிப்பு முடித்த புதிதில் முதன்முதலாகத் தனியாக அடைத்த பல் அவருடையது, கடைவாய்ப் பல், ஒன்றரை மணி நேரம் அடைத்தாள், மனுஷன் வாயைத் திறந்தபடியே கிடந்தார். ஒரு வருஷத்தில் அடைப்பு ஓரம் பெயர்ந்து திரும்ப வந்து நின்றார். ஏன் டாக்டர் இப்படி ஆச்சு என்று கேட்டார், குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். எத்தனை டீ குடிப்பீங்க. பத்து, பன்னிரண்டு. அதான், டீயைக் குறைங்க. சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது, டாக்டர் என்றால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று சொன்னாள். ஆறு மாதம் கழித்துச் சந்தோஷமாக வந்தார், நீங்க சொன்னீங்கன்னு டீயை விட்டுட்டேன் டாக்டர், இப்ப வேளைக்கு ஒரு கோலி சோடா, வயித்துக்கும் நல்லா இருக்கு. அவளுக்குத் திக்கென்றது. சோடா தண்ணீர் மாதிரி இருப்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை, கறை விழாது, மஞ்சள் பூக்காது, கெடுத்தாலும் சத்தமில்லாமல் கெடுக்கும். கெடுக்குமா. அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சார் கொடுத்த பட்டியலில் சோடா கிடையாது, அதை இவளேதான் சேர்த்தாள். அந்தச் சோடாதான் இப்போது எது என்று தெரியாமல் வடிகட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சாருக்குப் போன் போட்டாள். "சொல்லும்மா. நல்ல நாளும் அதுவுமா காலேஜ்லயா இருக்க?" என்றார். பின்னால் மிக்ஸி ஓடியது, யாரோ அதை நிறுத்தினார்கள். இவள் சொன்னாள், சந்தனத்திலிருந்து ஆரம்பித்து லிட்மஸ் வரைக்கும் சொன்னாள், நாக்கில் வைத்ததை மட்டும் விட்டுவிட்டாள். "கிண்ணத்துலயும் எழுதச் சொன்னேன்லா?" சொன்னீங்க சார். அவர் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. ஏசியிருந்தால் அழுதிருப்பாள், அவர் ஏசவில்லை. "சரி விடு. பக்கத்து ரூம்ல ஹார்ட்னஸ் மிஷின் இருக்கு, ஆளுக்கொரு வில்லையை வச்சுப் பாரு. எது மெத்துனு வருதோ அது சோடா. எழுதிக்கிட்டு மேல வேலையைப் பாரு." அவளுக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் இளகியது, இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம் ஏதோ ஒன்று நெருடியது. "சார், சோடா மெத்துனு ஆக்குதான்னு கண்டுபிடிக்கத்தானே இத்தனை நாளா ஊற வச்சோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்படியும் அப்படித்தாம்மா வரப்போகுது. ஊருலகத்துல எல்லாரும் பார்த்தது அதுதான். உனக்கு ஒரு பிள்ளை இருக்கு. ஆறு மாசம்ங்கிறது லேசு இல்ல, நான் உனக்காகத்தான் சொல்லுதேன்." அவருக்காகச் சொல்லவில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் சொல்வதுதான் பெரிய கஷ்டம், கெட்டவன் சொல்லியிருந்தால் எதிர்த்தாவது பேசலாம். சரி சார் என்று சொல்லி வைத்தாள்.

பக்கத்து அறை பூட்டியிருக்கவில்லை. அந்தக் கருவி ஒன்றும் பெரிய மாயம் இல்லை, நுனியில் பொடி வைரம் வைத்த ஊசி, வில்லையின் மேல் இறங்கி ஒரு புள்ளி குழிக்கும், குழி பெரிசாக இருந்தால் வில்லை மெத்து, எண் குறையும், சிறிசாக இருந்தால் கெட்டி, எண் கூடும். இடது வில்லையை வைத்தாள், ஐம்பத்தெட்டு. வலது வில்லையை வைத்தாள், அறுபத்தொன்று. அப்போ இடதுதான் சோடா, முடிந்தது, ஜனவரி. எதற்கும் இன்னொரு இடத்தில் என்று கொஞ்சம் தள்ளி வைத்தாள், இடது அறுபத்திரண்டு, வலது ஐம்பத்தொன்பது. அப்போ வலதுதான் சோடா. அப்போ ஜனவரி வலது பக்கம். ஓரத்தில் பட்டிருக்கும், வார்க்கும்போது உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும், நடுவில் வைத்தால்தான் சரியாக வரும் என்று நடுவில் வைத்தாள், அறுபது, அறுபது. சோடா ஒன்றும் செய்யாது போலிருக்கிறதே. இல்லை, செய்யும், சார் சொல்கிறார், எல்லாரும் சொல்கிறார்கள், பரமசிவத்திடம் இனிமேல் இவளும் சொல்லுவாள், இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கலாம், எந்த எண் வந்தால் நல்லது என்று மனசு முன்கூட்டியே ஐம்பத்தைந்து என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தது, ஐம்பத்தைந்து வருகிற இடமாகத் தேடி விரல்கள் வில்லையை மெள்ள நகர்த்திக்கொண்டிருந்தன. நகர்த்துகிற விரலை அவள் பார்த்தாள். யார் விரலோ போல இருந்தது. இப்படியே போனால் பத்தாவது தடவையில் வரும், பன்னிரண்டாவது தடவையில் வரும், வருகிற இடத்தில் நிறுத்திக்கொண்டால் ஆயிற்று, அதற்கு மேல் அது பொய்யும் இல்லை, கருவியே சொன்ன எண். நிஜமாகவே அதுதான் சோடாவாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி உண்மை என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது, முழுப் பொய்யாக இருந்தால் ஒருவேளை சொல்லிவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது செண்பகம் அக்கா வடிகட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. போனில் பேசியது கேட்டிருக்கும், என்ன நடந்தது என்று முழுக்கப் புரியாவிட்டாலும் பெரிய காரியம் என்று புரிந்திருக்கும். "டாக்டரம்மா, இதுதான் சோடா" என்று இடது வடிகட்டியைக் காட்டினாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில எடுக்கையில ஒரு மாதிரி இருந்துச்சு." உலகம்மாள் அவளையே பார்த்தாள். ஒரு மாதிரின்னா எப்படிக்கா. செண்பகம் முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். "நீங்க சோடான்னா சோடாதாம்மா. சூப்பர்வைசரு கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்." யாரைக் காப்பாற்றுகிறாள், தன்னையா, இவளையா, இரண்டு பேரையுமா. எல்லாரும் இவளுக்கு நல்லதுதான் செய்கிறார்கள். அக்கா சந்தனம் வைத்தது நல்லதுக்கு, துடைத்தது நல்லதுக்கு, சார் சொன்னது நல்லதுக்கு, இப்போது அக்கா சொல்வதும் நல்லதுக்கு. இடது என்று எழுதிவிட்டால் ஊரே சந்தோஷப்படும், உலகம்மாளைத் தவிர. உலகம்மாளும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள், அதுதான் பயமாக இருந்தது. இன்றைக்கு ராத்திரி வரைக்கும் இந்த வடிகட்டிகளை இப்படியே வைத்திருந்தால் தான் நிச்சயமாக இடது என்று எழுதிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது, தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவுமே என்றைக்கும் தெரிந்ததில்லை. நல்லவள் என்பதாலெல்லாம் இல்லை, களைத்துப்போனவள், களைத்தவளுக்குக் கையெழுத்துப் போடுவது சுலபம். ஆகவே இடது வடிகட்டியை எடுத்து வலது வடிகட்டியின் மேல் கவிழ்த்தாள், கருவியில் வைத்துப் பார்த்த இரண்டு வில்லையையும் அதிலேயே போட்டாள். இருபத்து நான்கு வெள்ளை வில்லையும் ஒன்றாய்க் கிடந்தன. விரலை விட்டுக் கலக்கினாள், நன்றாகக் கலக்கினாள்.

"ஐயோ, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றாள் செண்பகம். அவள் கண் நிறைந்துவிட்டது. ஒண்ணும் இல்லக்கா, உங்க மேல ஒண்ணும் வராது, நான்தான் கிண்ணத்துல எழுதாம விட்டேன்னு சொல்லிக்கிடுதேன், நீங்க போயி டீ குடிங்க, என்று உலகம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு டீ வில்லை, காபி வில்லை, கோலா வில்லை என்று மூன்று கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் ஒரு காகித உறையில் கொட்டி ஓரமாக வைத்தாள். கை அடுத்த வேலைக்குத் தேடியது, ஒரு வேலையும் இல்லை. நாளைக்குக் காலை ஏழரைக்கு மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை, நாளை மறுநாளும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது, இன்றைக்கே கிளம்பலாம், மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குக் கோயம்புத்தூர். இருபத்து மூன்று நாளாகத் தினம் வந்தாக வேண்டும் என்று போகாமல் கிடந்தவள். சந்தோஷம் குபுக்கென்று வந்தது, வந்த சந்தோஷத்தைப் பார்த்து வெட்கமாக இருந்தது, ஆறு மாதத்தைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு இரண்டு நாளுக்குச் சந்தோஷப்படுகிற மனசு என்ன மனசு. சாருக்கு நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போன் போட்டாள்.

புருஷன் எடுத்தார். இன்னைக்குக் கிளம்பி வரேன் என்றாள். "முடிஞ்சிட்டா?" என்றார், குரலில் அவ்வளவு வெளிச்சம். முடியல, கெட்டுப்போச்சு, முதல்ல இருந்து செய்யணும், ஜூன்லதான் பரீட்சை, என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஏன் எப்படி என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள், கேட்டால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் யோசித்து வைத்தாள். அவர் கேட்கவில்லை. "தன்யாகிட்ட நீயே சொல்லிரு" என்று போனைக் கொடுத்தார். தன்யா, அம்மா இன்னைக்கு ராத்திரி வரேன். அந்தப் பக்கம் குதிக்கிற சத்தம் கேட்டது. ரெண்டு நாள் இருப்பேன், அப்புறம் காலேஜுக்குத் திரும்பிப் போயிருவேன். "ஜனவரில பெட்டியெல்லாம் எடுத்துட்டு வந்துருவல்ல?" ஜனவரில இல்லம்மா. ஜூன்ல. சத்தம் நின்றது. ஜூன் எங்கே இருக்கிறது என்று பிள்ளை தேடுவது தெரிந்தது. ஜனவரி என்றாள், ஒரு விரலை மடக்கியிருப்பாள். பிப்ரவரி. மார்ச். அதற்கு மேல் யு.கே.ஜி.யில் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை போல.

"மார்ச்சுக்கு அடுத்து என்னம்மா?"

"ஏப்ரல்" என்று சொல்லிக்கொடுத்தாள் உலகம்மாள்.